வீட்டு ஆள்

மெகருன்னிசா டீச்சரின் வகுப்பில் மிக்கேல் ரொட்ரிகோதான் வயதில் மூத்தவர். டீச்சரோ அவருடைய மகளைவிட இளையவர்.

டீச்சர் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலங்களில் போனில் பாடம் நடத்தினார். தூத்துக்குடியில் மிக்கேல் தன் சமையலறை மேசையில் சீனி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பார். திரையில் சின்னக் கட்டங்களில் இன்னும் ஏழெட்டு முகங்கள் தெரியும்.

முதல் வகுப்பில் மிக்கேல் கேட்டது குளியலைப் பற்றி. குளிப்பாட்டப் போனால் மனைவி பிலோமினா அடிக்கிறாள் என்றார்.

"யாரையாவது விட்டு உங்க தலையில ஒரு சொம்புத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. எப்போ ஊத்தப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார் டீச்சர். வேறு எதுவும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றினார். மிக்கேல் அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டார். மறுநாள் பிலோமினாவின் பாதத்தில் முதலில் தண்ணீர் விட்டார், சொல்லிச் சொல்லி மேலே வந்தார். அவள் அடிக்கவில்லை.

அதன்பிறகு டீச்சர் சொன்னதை எல்லாம் அவர் செய்தார். முன்னால் போய் நின்று பேசினார். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொன்னார். ஒன்றுதான் அவரால் முடியவில்லை. நோயாளி சொல்வதை மறுத்துப் பேசாதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் பிலோமினா வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புருஷன் வேலை முடிந்து வர வேண்டும் என்பாள். மிக்கேல் போய், "நான்தான் பிலோ" என்பார். அவள் பின்னால் நகர்ந்துகொள்வாள்.

அந்த வாரம் அவர் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினார். அவள் படத்தில் விரல் வைத்து, "இது அவுக. நீங்க யாரு?" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து விளக்கப் பார்த்தார். அவள் கையை உதறிக்கொண்டு, கத்தியபடி தெருவுக்கு ஓடினாள். ஓர் ஆட்டோ மயிரிழையில் நின்றது. அவள் விழுந்ததில் முழங்கைத் தோல் கிழிந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் கூப்பிட்டு, "இனிமே உங்களால முடியாதுப்பா, ஹோம்ல சேத்துரலாம்" என்றாள். மிக்கேல் யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்:

"நான்தான் அவ புருஷன்னு அவளுக்கு எப்படிப் புரிய வைக்கது, டீச்சர்?"

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"கேட்டைப் பூட்டி வச்சிருக்கேன். அங்கதான் நிக்கா."

"போனை வச்சுட்டுப் போங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு கேட்டுட்டு வாங்க. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நாங்க இருக்கோம்."

மிக்கேல் எழுந்து போனார். திரையில் அவருடைய கட்டத்தில் காலி நாற்காலி இருந்தது.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. மிக்கேல் தள்ளிக் கிடந்ததில் உட்கார்ந்தார்.

"யாரும் வரணுமா?"

"எங்க வீட்டு ஆள் வரணும்" என்றாள் பிலோமினா. "ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாக. உசரத்துல உக்காந்திருப்பாக. காத்து அடிச்சா எனக்குப் பயமா இருக்கும்."

மிக்கேல் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கிரேன்தான் ஓட்டினார். அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை.

"அவர்ட்ட சொல்லலையா?"

"எதுக்கு? மேல போய் அதையே நினைச்சிட்டு இருப்பாக."

"ஆள் எப்படி?"

அவள் தெருவையே பார்த்தாள். "கோவக்காரக. நல்லா சத்தம் போடுவாக. ஆனா மீன் குழம்பு வச்சா நடுத்துண்டை எனக்குத் தள்ளிவிட்டுருவாக. தனக்கு வால்தான் பிடிக்கும்பாக." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொய். அவுகளுக்கும் நடுத்துண்டுதான் பிடிக்கும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து மிக்கேல் சொல்லி வந்த பொய் அது. அவள் நம்பிவிட்டாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

பிலோமினா கதவை விட்டுவிட்டு வந்து மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அவுகளைத் தெரியுமா, அண்ணாச்சி?"

மிக்கேலும் தெருவைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மிக்கேல் திரும்பி வந்து போன் முன்னால் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கேட்டதை அப்படியே சொன்னார். கரூர்க்காரப் பெண் ஒருத்தி தன் கட்டத்தில் கேமராவை அணைத்தாள்.

"எங்கிட்ட ஒருநாளும் சொல்லாததை எல்லாம் சொன்னா, டீச்சர். சொல்லிட்டு என்னை அண்ணாச்சிங்கா."

மிக்கேல் துண்டை மடித்து மேசையில் வைத்தார்.

"நான்தான் அந்த ஆளுன்னு சொன்னா பயப்படுதா. சொல்லாம விட்டா, வராத ஆளுக்குத் தினமும் வாசல்ல நிக்கா. நான் என்னதான் செய்ய?"

"அவங்க யாருக்காக நிக்கிறாங்க, ஐயா?"

மிக்கேல் வாசல் பக்கம் பார்த்தார். பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகத்தான்" என்றார்.

"அப்ப, நீங்க வர்ற வரைக்கும் அவங்களுக்குத் துணைக்கு இருங்க."