கன்னத்தில் அடக்கிய கொட்டை

பலாக்கொட்டைக்கு மேல்தோல் உரிப்பது கைக்குத்தான் வேலை, வாய்க்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் கை பாட்டுக்கு உரிக்கட்டும், வாய் ஒரு கதை சொல்லட்டும். கேட்கிற பிள்ளைகள் கிட்ட வந்து உட்காருங்கள். உரித்து வைத்த கொட்டையை மட்டும் யாரும் உருட்டி விளையாடக் கூடாது. அத்தை குழம்புக்குக் கேட்டிருக்கிறார்.

ஒரு காட்டில் பலா மரங்கள் நிறைய இருந்தன. பலா இருக்கிற இடத்தில் குரங்கு இல்லாமல் இருக்குமா? பெரிய கூட்டமாகவே இருந்தது. அதற்குத் தலைவன் ஒரு கடுவன் குரங்கு. தின்று தின்று அவன் கன்னம் இரண்டும் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருக்கும். அதனால் அவன் பெயரே பூரிக்கன்னன்.

குரங்குகளுக்குக் கன்னத்துக்குள்ளே ஒரு பை உண்டு. கிடைத்ததை அவசரமாக அதில் அடக்கிக்கொண்டு, பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து ஆற அமர மெல்லும். பூரிக்கன்னனுக்கு அந்தப் பை மற்றவர்களைவிடப் பெரிது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தானாக முளைத்த மரத்தில் யாரும் ஏறலாம், பறிக்கலாம். தலைவன் தின்ற பிறகுதான், அவ்வளவே. ஆனால் ஒருவர் கொட்டை நட்டு வளர்த்த மரம் அவருக்கு மட்டும்தான் சொந்தம். அவராகக் கொடுத்தால் ஒழிய தலைவன்கூட அதைத் தொடக் கூடாது. பல் போய், கால் தளர்ந்து, மரம் ஏற முடியாமல் ஆகிவிட்டால் அந்தக் குரங்கு என்ன செய்யும்? தான் நட்ட மரத்தடியில் உட்கார்ந்து தின்னலாம் அல்லவா? அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு.

எல்லாக் குரங்குக்கும் இது தெரியும். தெரிந்து என்ன? கொட்டை ருசியாக இருக்கிறதே!

பூரிக்கன்னன் பழத்தைப் பிளப்பான். சுளையை விழுங்குவான். கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான்.

"இது நடுறதுக்கு. சாயங்காலம் வெயில் தாழட்டும், நட்டுடலாம்" என்பான்.

வெயில் தாழும். பூரிக்கன்னன் மண்ணைத் தோண்டிவிட்டுக் கன்னத்துக்குள் விரலை விட்டுத் துழாவுவான். ஒரு கொட்டையும் இருக்காது. எப்போது மென்றான், எப்போது விழுங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

"சரி, நாளைக்கு வைக்கலாம்" என்று குழியை மூடிவிடுவான். தினமும் தோண்டுவான், தினமும் மூடுவான். குழி தோண்டுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அதே கூட்டத்தில் மெல்லி என்று ஒரு மந்தி இருந்தாள். நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து பேசமாட்டாள். அவள் பங்குக்கு எப்போதும் அடிக்கிளையில் கிடக்கிற சின்னப் பழம்தான் வரும். அதைப் பிளந்ததும், சுளையில் வாய் வைப்பதற்கு முன்னாலேயே, நல்ல கொட்டையாக ஒன்றை எடுத்து மண்ணில் புதைத்துவிடுவாள். பிறகுதான் தின்பாள்.

பூரிக்கன்னன் இதைப் பார்த்தான். கிளையில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சிரித்தான்.

"ஏம்மா மெல்லி, உனக்குப் பசிக்கலையா, இல்ல மண்ணுக்குத்தான் ரொம்பப் பசியா?"

மெல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "இப்ப மண்ணுக்கு நான் போடுறேன் அண்ணே. பின்னாடி எனக்கு அது போடும்."

"பின்னாடியா? பின்னாடி எப்போ?"

"பல்லு விழுந்த பிறகு."

தலைவன் பக்கத்தில் ஒத்தூதி என்று ஒரு குரங்கு எப்போதும் இருப்பான். தலைவன் தும்மினால் "என்ன அழகான தும்மல்!" என்பான். அவன் முந்திக்கொண்டான்.

"கேட்டீங்களா தலைவரே! பல்லு விழுறதாம்! நம்ம தலைவர் கடிச்சா பாறைக்குத்தான் பல்லு விழும். வயசு கிட்ட வந்து தலைவரைப் பார்த்துச்சுன்னா, மரியாதையா திரும்பிப் போயிடும்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மெல்லி மண்ணைக் காலால் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போனாள்.

வருடங்கள் போயின. பூரிக்கன்னனுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது.

முதலில், "இது அனுபவிக்கிற வயசு. இப்பவே மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றான்.

கல்யாணம் ஆயிற்று. "புதுசா வந்தவளுக்கு முன்னாடி கொட்டையை மண்ணில் போட்டா கஞ்சன்னு சொல்லமாட்டாளா?" என்றான்.

குட்டிகள் பிறந்தன. "பிள்ளைங்க தின்கிற வயசு. அதுங்க தலையெடுக்கட்டும், அப்புறம் நடுறதுதானே வேலை" என்றான். குட்டிகளுக்கு என்று எடுத்து வைத்ததில் பாதி அவன் கன்னத்துக்குத்தான் போயிற்று.

குட்டிகள் தலையெடுத்தன. "எனக்குத்தான் ஆண் பிள்ளைகள் இருக்காங்களே! எனக்கு எதுக்கு மரம்? என் பிள்ளைங்கதான் என் மரம்!" என்றான்.

"ஆகா, தோப்பு!" என்றான் ஒத்தூதி.

மெல்லிக்கு மட்டும் கல்யாணம் இல்லையா, குட்டி இல்லையா? எல்லாம் இருந்தது. அவள் நட்டதில் பாதியைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றது. ஒரு வருடம் மழையே இல்லை, முளைத்ததெல்லாம் கருகியது. அன்றைக்கு அவள் உட்கார்ந்து அழுததை யாரும் பார்க்கவில்லை. அடுத்த பழம் கிடைத்தபோது மறுபடியும் முதல் கொட்டையை மண்ணில்தான் வைத்தாள். பன்றிக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மேலே முள்ளையும் பரப்பி வைத்தாள்.

ஒரு நாள் பூரிக்கன்னன் பலாக்கொட்டையை நறுக்கென்று கடித்தான். கொட்டை உடையவில்லை. பல் உடைந்தது.

உள்ளங்கையில் கிடந்த பல்லை அவன் உற்றுப் பார்த்தான்.

"டேய் ஒத்தூதி, இது என்னடா?"

ஒத்தூதி எட்டிப் பார்த்தான். "பாரம் குறைஞ்சது தலைவரே. இனிமே வாய் லேசா இருக்கும்."

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. முறுக்கன் என்ற இளம் கடுவன், தலைவனின் கிளையில் வந்து உட்கார்ந்தான். இறங்கச் சொன்னால் பல்லைக் காட்டினான். அத்தனை பல்லும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பூரிக்கன்னனுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றோ நாளையோ பதவி போகும். பதவி போனால் மேல்கிளைப் பழம் போகும். ஏற முடியாது, பிடுங்க முடியாது. சொந்தமாக ஒரு மரமும் இல்லை. சோற்றுக்கு என்ன செய்வது?

உடனே கூட்டத்தைக் கூட்டினான். "காட்டில் இருக்கிற எல்லாக் கொட்டையும் இங்கே வரணும்! இது தலைவன் உத்தரவு!"

கொட்டை மலையாகக் குவிந்தது. பூரிக்கன்னன் மூச்சு வாங்க வாங்கப் பொழுது சாயும்வரை நட்டான். குழி தோண்டிப் பழகிய கை ஆயிற்றே! பாறையடி முழுக்க நட்டு முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தான்.

"பார்த்தியா மெல்லி? ஆயுசு பூரா நீ ஒண்ணொண்ணா நட்டே. நான் ஒரே நாள்ல நட்டு முடிச்சேன். அதுவும் உன்னைவிட நிறைய!"

"கொட்டை நிறையத்தான் இருக்கு அண்ணே" என்றாள் மெல்லி மெதுவாக. "கொட்டையைக் கூட்டிப் போடலாம். வருசத்தைக் கூட்டிப் போட முடியாதே."

"இவளுக்கு எப்பவும் அபசகுனப் பேச்சுதான்!" என்றான் ஒத்தூதி. பிறகு நட்ட இடத்துக்கு மாலை போட்டு, தலைவன் பெயரால் ஒரு விழாவும் நடத்திவிட்டான்.

மழை வந்தது. கொட்டைகள் முளைத்தன. பூரிக்கன்னன் காலையில் எழுந்ததும் அங்கே போய் அதட்டுவான்.

"ஏய், சீக்கிரம் வளருங்க! அடுத்த பருவத்துக்குள்ள எனக்குப் பழம் வேணும். நான் தலைவன் சொல்றேன்!"

செடிகளுக்கு யார் தலைவன் என்பதெல்லாம் தெரியாது. அவை தங்கள் பாட்டுக்கு ஓர் இலை விட்டன. பிறகு இன்னோர் இலை.

"வந்துக்கிட்டே இருக்கு தலைவரே" என்றான் ஒத்தூதி. "இலை வந்தாச்சு. பழம் பின்னாலயே வருது."

பழத்துக்கு முன்னால் முறுக்கன் வந்துவிட்டான். ஒரு பாய்ச்சல், ஒரு உறுமல், அவ்வளவுதான். பூரிக்கன்னன் கீழே இருந்தான், முறுக்கன் மேலே இருந்தான்.

பிரிவு உபசாரம் பிரமாதமாக நடந்தது. பொன்னாடைக்குப் பதிலாகத் தேக்கிலை போர்த்தினார்கள். ஒத்தூதி கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினான். "இவர் இல்லாத காட்டை என்னால் நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை!" பேசி முடித்ததும் மேலே ஏறிப் போய் முறுக்கன் பக்கத்தில் உட்கார்ந்தான். "தலைவரே, என்ன அழகான பாய்ச்சல்!" என்றான்.

தேக்கிலையைத் தின்ன முடியுமா? கசந்தது. பூரிக்கன்னன் தன் மூத்த மகனிடம் போனான்.

"தம்பி, ஒரு சுளை குடுப்பா. பசிக்குது."

மகன் இரண்டு கன்னமும் நிறைய வைத்திருந்தான். வாயைத் திறக்காமலே பேசினான். "சின்ன வயசுல நான் ஒரு சுளை கேட்டப்போ என்னப்பா சொன்னீங்க? வாயில் வச்சதை எடுத்துக் குடுக்கிறவன் குரங்கே இல்லைன்னு சொன்னீங்களே! நான் குரங்குப்பா."

அடுத்த மகன் அப்பா வருவதைப் பார்த்ததும் அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டான்.

பூரிக்கன்னன் பாறையடிக்கு வந்தான். அவன் நட்ட செடிகள் அவன் முழங்கால் உயரம் இருந்தன. அதில் உயரமான ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் அடியில் உட்கார்ந்தான். அதன் நிழல் அவன் வால் நுனிக்குத்தான் போதுமாக இருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் பழம் எங்கே தெரியும்? குனிந்து பார்த்தால்தான் செடியே தெரியும்.

குட்டிக் குரங்குகள் சுற்றி நின்று கத்தின. "தாத்தா பழம் விழுறதுக்குக் காத்திருக்கார்! தலையில் விழப்போகுது, தள்ளி உட்காருங்க தாத்தா!"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

காற்றில் பழ வாசனை வந்தது. மூக்கை நீட்டிக்கொண்டே நடந்தான். வாசனை மெல்லியின் மரங்களுக்குக் கொண்டுபோய் விட்டது. மெல்லியும் கிழவிதான். அவளுக்கும் பல் போயிருந்தது, ஏற முடியாது. ஆனால் வயதான பலா மரம் உச்சியில் மட்டும் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் காய்க்கும், சில சமயம் வேரிலும் காய்க்கும். மெல்லி உட்கார்ந்த இடத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு வேர்ப்பலா மண்ணைப் பிளந்துகொண்டு பழுத்துக் கிடந்தது.

பூரிக்கன்னன் கொஞ்ச தூரத்தில் நின்றான். கட்டுப்பாடு ஞாபகம் வந்தது. அவளாகக் கொடுக்க வேண்டும்.

"மெல்லி..." என்றான். கண் பழத்திலேயே இருந்தது.

"வாங்க அண்ணே, உட்காருங்க" என்றாள் மெல்லி. முதலில் அவள் தின்றாள். பிறகு மீதிச் சுளைகளை அவன் பக்கம் தள்ளினாள். காடு முழுக்க முதலில் தின்றவன், அன்றைக்கு முதல்முறையாக மிச்சத்தைத் தின்றான். தின்னும்போது தலையே நிமிரவில்லை.

"நாளைக்கும் வரலாமா?" என்றான்.

"வாங்க. ஆனா கொட்டை எல்லாம் எனக்கு வரணும்."

"கட்டாயம் தர்றேன். சாயங்காலம்..."

"சாயங்காலம் இல்லை. இப்பவே. வாயைத் திறங்க அண்ணே."

பூரிக்கன்னன் விழித்தான். பழக்கம் விடுமா? அவனை அறியாமலே இரண்டு கன்னத்திலும் கொட்டைகளை அடக்கியிருந்தான். ஒரு காலத்தில் அந்த வாயைப் பார்த்துக் காடே நடுங்கியது. இப்போது அதை அவன் ஆ என்று திறந்தான். மெல்லி விரலை விட்டு ஒன்றொன்றாகக் கொட்டையை எடுத்து, அவன் கையிலேயே கொடுத்து, நடச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதேதான். அவள் தின்ற பிறகு மிச்சம். மிச்சம் தின்ற பிறகு ஆ.

இதை உச்சிக்கிளையில் உட்கார்ந்து முறுக்கன் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கும்போது அவன் கன்னமும் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"தலைவரே, வாயில் என்ன?" என்று கேட்டான் ஒத்தூதி.

"கொட்டை. நடுறதுக்கு எடுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் நட்டுடலாம்."

"என்ன அவசரம் தலைவரே? உங்களுக்காவது, வயசாகிறதாவது!"

முறுக்கன் நறுக்கென்று மென்றான்.

நீதி: பல் இருக்கும்போதே பல் இல்லாத நாளுக்கு எடுத்து வைக்க வேண்டும். தின்று மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சாது, கொஞ்சமே ஆனாலும் முதலில் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம், அதையும் இன்றைக்கே செய்துவிட வேண்டும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினால்... இதோ உரிச்சு முடிச்சிட்டேன் அத்தை, வந்துட்டேன், ஒரே ஒரு கொட்டையை மட்டும் கொல்லையில் நட்டுட்டு.