பத்து மணிப் பால்

ஒரு கையில் அனலும் சடையில் புனலும் ஏந்தி, அனல் அவியாமலும் புனல் வற்றாமலும் ஆடுகின்ற பெருமானின் திருவடி நம் சென்னிமேல் இருக்கட்டும். அவன் இடப்பாகம் கொண்ட அன்னை இந்தச் சொற்களுக்குத் துணை நிற்கட்டும்.

தென்காசிச் சீமையில் நீர்முனை மடம் என்று ஒரு மடம். அதன் தலைமையில் தையல்நாயகி அம்மையார் இருந்தார். அவருக்கு வயது நாற்பத்துமூன்று. அவருடைய மாணாக்கர் மாசிலாமணிக்கு அறுபத்துநான்கு. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவராயினும் அவர் ‘அம்மா’ என்றே அழைப்பார். அம்மையார் ‘ஐயா’ என்பார்.

மடத்தை நிறுவிய அடிகள் பாடிய முந்நூறு பதிகங்கள் பழைய நோட்டுகளில் கையெழுத்தாக இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றுவது மாசிலாமணியின் பணி. வரிசை தவற மாட்டார். ஒரு பதிகம் முடியாமல் அடுத்ததன் பக்கத்தைத் திறந்தும் பார்க்க மாட்டார்.

அவர் வேண்டியது தீட்சை. அதைக் கேட்ட நாளில் தம் குறை ஒன்றையும் சொன்னார்.

“காலைப் பூசையில் நெஞ்சு உருகுகிறது, அம்மா. கணினி முன் அமர்ந்தால் கால் மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. ஆறாமல் காப்பது எப்படி?”

“விடை கிடைத்ததும் வாருங்கள். ஆனிப் பௌர்ணமியில் தீட்சை தருகிறேன்.”

“விடையைத் தாங்கள்தானே சொல்ல வேண்டும்?”

“நெஞ்சு உங்களுடையது அல்லவா?”

மாசிலாமணி சிரித்தார். “பழுது என்றால் கண்டுபிடித்துவிடலாம், அம்மா. முப்பத்தைந்து ஆண்டுகள் அதைத்தான் செய்தேன்.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலைப் பூசையில் நிவேதித்த பாலை எல்லோரும் மண்டபத்தில் நின்றபடியே, சூடு ஆறுமுன் பருகுவார்கள். பருகும்போது ஒருவரையொருவர் நலம் விசாரிப்பார்கள். மாசிலாமணி மட்டும் தம் பங்கைக் கணினி அறைக்கு எடுத்துச் செல்வார். பிரசாதத்தை அவசரமாக விழுங்கலாகாது, அரை மணிக்கு ஒரு மிடறாகப் பத்து மணிவரை அருந்த வேண்டும், அதுவரை அது ஆறவும் கூடாது என்பது அவர் கொள்கை.

அதற்கென்று அவர் மேசையில் ஓர் ஏற்பாடு இருந்தது. கணினியில் செருகினால் சூடேறும் வட்டத்தட்டு ஒன்று, பாலுக்கு. பிளாஸ்க் ஒன்று, சுக்கு நீருக்கு. கோடையில் மோர் குளிர்ச்சி குன்றாதிருக்க இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் தம்ளர் ஒன்று.

அடுக்களைக் காந்திமதி அவரை விட்டுவைக்க மாட்டாள்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் பாலைக் கூட்டிக்கிட்டுப் போறீயளா? நின்னு குடிச்சா சாமி கோவிச்சுக்கிடுமா?”

“உனக்குத் தெரியாது, காந்திமதி. இது வேலைக்கு நடுவில் குடிப்பது.”

“வேலைக்கு நடுவுல பால் குடிக்கியளா, பாலுக்கு நடுவுல வேலை பாக்கியளா?”

மார்கழியில் ஒரு விடியற்காலை. அம்மையார் முற்றத்தில் பவளமல்லி பொறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி பிளாஸ்க்கும் கையுமாக வந்து நின்றார்.

“கண்டுபிடித்துவிட்டேன், அம்மா.”

“சொல்லுங்கள்.”

“வெளிக்காற்று படுவதால் நெஞ்சு ஆறுகிறது. இதைப் போல உள்ளதை உள்ளேயே அடைத்துவிட வேண்டும். ஒரு மாதமாக அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். யாரோடும் பேச்சில்லை.”

அம்மையார் பிளாஸ்க்கை வாங்கி இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். பனியில் அவருடைய விரல்கள் சிவந்திருந்தன.

“இதில் என்ன இருக்கிறது?”

“சுக்கு நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றியது.”

“எனக்குக் கை விறைத்திருக்கிறது, ஐயா. இது அதைவிடக் குளிர்ந்திருக்கிறதே.”

“சூடு உள்ளே இருக்கிறது, அம்மா.”

“அப்படியா?” என்று அம்மையார் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூப்பொறுக்கக் குனிந்தார்.

மாசிலாமணி அசரவில்லை. சித்திரையில் மறுபடியும் வந்தார். இம்முறை அம்மையாரைக் கணினி அறைக்கே அழைத்துச் சென்று காட்டினார்.

“அடைத்து வைத்ததும் மெல்ல ஆறத்தான் செய்யும். அங்கேதான் தவறினேன். அடியிலிருந்து சூடு வந்துகொண்டே இருக்க வேண்டும், இந்தத் தட்டைப் போல. இப்போது தட்டச்சு செய்யும்போதெல்லாம் இயர்போனில் ஐந்தெழுத்து ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கணமும் இடைவெளி இல்லை.”

மணி பத்து. அம்மையார் தட்டின்மேல் இருந்த தம்ளரைச் சுட்டினார்.

“அருந்துங்கள்.”

மாசிலாமணி அண்ணாந்து குடித்தார்.

“பால் எப்படி இருக்கிறது?”

“சூடாக இருக்கிறது, அம்மா.”

“சூட்டைக் கேட்கவில்லை. பாலைக் கேட்டேன்.”

மாசிலாமணி தம்ளருக்குள் பார்த்தார். பழுப்பேறிய ஆடை ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது. அடியில் கால் பங்கும் இல்லை. தீய்ந்த வாடை வந்தது. அவர் தலை நிமிர்ந்தபோது அம்மையார் வாசலைக் கடந்திருந்தார்.

ஆனி பிறந்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. தீட்சை பெறவிருந்த மூவருக்குப் புத்தாடை வந்து இறங்கியது. நான்காவது உருப்படி வரவில்லை. இந்தப் பௌர்ணமி தவறினால் அடுத்த ஆனிதான். மாசிலாமணி காலை ஆறு மணிக்கே அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். பால் தட்டின்மேல், மோர் தம்ளருக்குள், ஐந்தெழுத்து காதுக்குள். மூன்றும் முறையாக இருந்தும் நெஞ்சு மட்டும் கழுவிக் கவிழ்த்த பானையாய்க் குளிர்ந்து கிடந்தது.

ஒன்பதரை மணிக்கு யாரோ அவர் தோளைத் தட்டினார்கள்.

துள்ளித் திரும்பினார். காக்கிச் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். மாசிலாமணி இயர்போனைக் கழற்றினார்.

“கதவைத் தட்டக் கூடாதா?”

“முக்கால் மணி நேரமாத் தட்டுதேன், ஐயா. அடுக்களை அக்காதான் ‘உள்ள போய் ஆளைத் தட்டும்’னு சொன்னா.”

“நீங்கள் யார்?”

“உச்சிமாகாளி. டெம்போ ஓட்டுதேன். எங்கம்மாவுக்கு நாளைக்குக் காலைல கண்ணு ஆப்பரேசன். சின்னப்பிள்ளையில இந்த மடத்துல கேட்ட பாட்டு ஒண்ணு, அதைக் காதுல கேட்டுட்டுத்தான் படுப்பேங்கா. நாலு வரிதான் ஞாபகம் இருக்கு. மிச்சம் இங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னாங்க.”

அவர் செல்போனை நீட்டினார். ஒரு முதியவளின் குரல் நான்கு வரிகளை இழுத்து இழுத்துச் சொன்னது. ‘பார்வையைத் தந்தவன் நீ, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனும் நீ’ என்று பொருள்படும் வரிகள். ஐந்தாவது வரி வராமல் அவள் தன்னையே திட்டிக்கொள்வதும் பதிவாகியிருந்தது.

மாசிலாமணி அந்த நான்கு வரிகளையும் கணினியில் தேடினார். இல்லை.

“இருநூற்றுப் பதினொன்று வரைதான் ஏற்றியிருக்கிறேன். இது அதற்குப் பின்னால் இருக்கும். புரட்டாசியில் வாருங்கள்.”

“ஆப்பரேசன் நாளைக்கு, ஐயா.”

“வரிசை என்று ஒன்று இருக்கிறது.”

“சரிங்க ஐயா” என்றார் உச்சிமாகாளி. கோபிக்கவில்லை. செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். சட்டையின் முதுகில் உப்புக்கோடு படிந்திருந்தது.

“நில்லுங்கள்” என்றார் மாசிலாமணி. “எழுதப் படிக்கத் தெரியுமா?”

“எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.”

“போதும். உட்காருங்கள்.”

இரட்டைச் சுவர்த் தம்ளரின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். உச்சிமாகாளி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

“இந்த வெயில்ல இவ்வளவு குளிர்ச்சியா! எப்பம் ஊத்துனது?”

“அதெல்லாம் பிறகு. இந்த நோட்டு உங்களுக்கு. இது எனக்கு. அந்த நாலு வரி கண்ணில் படும்வரை நிறுத்தக் கூடாது.”

இருவரும் தரையில் அமர்ந்து பக்கம் பக்கமாகத் தேடினார்கள். உச்சிமாகாளி வாய்விட்டே வாசித்தார். தவறாக வாசித்த இடங்களில் மாசிலாமணி திருத்தினார். ஓரிடத்தில் உச்சிமாகாளி வாசித்ததே சரியாக இருந்தது. “ஒண்ணு எனக்கு!” என்று அவர் கணக்கு வைத்துக்கொண்டார். மணி ஒன்றை நெருங்கும்போது அவர் துள்ளி எழுந்தார்.

“ஐயா! எங்கம்மா வரி!”

இருநூற்று அறுபத்தெட்டாம் பதிகம். மாசிலாமணி இடையில் இருந்த ஐம்பத்தாறையும் தாண்டிப் போய் அதைத் தட்டச்சு செய்தார். பெரிய எழுத்தில் அச்செடுத்து நீட்டினார். உச்சிமாகாளி தாளை வாங்கித் தலையைச் சொறிந்தார்.

“அம்மாவால வாசிக்க முடியாது. நான் வாசிச்சா அடிப்பா. நீங்களே போன்ல பாடிக் குடுத்துருங்க.”

“எனக்குப் பாட வராதே.”

“எங்கம்மாவுக்கும் வராது, ஐயா. தைரியமாப் பாடுங்க.”

மாசிலாமணி பாடினார். பதினோரு பாடல்களையும் பாடினார். ஏழாம் பாடலில் குரல் தடுமாறியது. மறுபடி தொடக்கத்திலிருந்து எடுத்தார். உச்சிமாகாளி இரு கைகளாலும் செல்போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். முடிந்ததும் அவர் மாசிலாமணியின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். மாசிலாமணி அவரைத் தூக்கி நிறுத்தி, “வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அம்மாவை இன்று கண்ணைக் கசக்க விடாதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார்.

மாலையில் அவர் அம்மையாரைத் தேடிச் சென்றார். அம்மையார் நந்தவனக் கிணற்றடியில் இருந்தார். மாசிலாமணி வணங்கி எழுந்தார்.

“விண்ணப்பம் ஒன்று, அம்மா. என் தீட்சையை அடுத்த ஆனிக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.”

“ஏன்?”

“மூன்றாவது விடை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்று வேலையும் வரிசை தவறிவிட்டது. நடுவில் ஐம்பத்தாறு பதிகம் காலியாகக் கிடக்கிறது.”

“பத்து மணிப் பால் அருந்தினீர்களா?”

மாசிலாமணி திகைத்தார். “மறந்துபோனேன், அம்மா.”

“தம்ளரைச் சுரண்டிச் சுரண்டி என் நகம் போச்சு” என்று காந்திமதி வாழை மரத்துக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்.

அம்மையார் சிரித்தார். பிறகு கேட்டார்:

“நண்பகலில் நெஞ்சு எப்படி இருந்தது, ஐயா? சூடாகவா, ஆறியா?”

மாசிலாமணி தம் மார்பில் கை வைத்துப் பார்த்தார்.

“தெரியவில்லை, அம்மா. அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.”

அம்மையார் எழுந்தார்.

“நாளை ஒருவேளை உணவு. நாளை மறுநாள் விடியலில் நீராடி, ஈர ஆடையோடு சன்னிதிக்கு வாருங்கள். ஐந்தெழுத்தை நானே காதில் சொல்கிறேன்.”

மாசிலாமணி வணங்கிவிட்டு, அந்தத் தம்ளரைத் தாமே கழுவ வாழை மரத்துப் பக்கம் நடந்தார்.

இதைக் கேட்டவர்களும், அவர்கள் சொல்ல இனிக் கேட்கப் போகிறவர்களும் கண்ணொளி மங்காமல், குரல் தளராமல், சுற்றம் சூழ நெடுநாள் இனிது வாழ எம்பெருமானும் அன்னையும் அருள் செய்க.