முதல் உருண்டை

ஒரு தோட்டத்து வேலியில், மாடு மிதித்து முறிந்த உண்ணிச்செடிக் குச்சி ஒன்று இருந்தது. அதைக் குடைந்து அதற்குள் ஒரு தேனீக் குடும்பம் குடியிருந்தது. ஆயிரக்கணக்கில் கூடு கட்டி வாழ்கிற தேனீக்கள் இல்லை இவை. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய, கறுத்த தேனீக்கள். ஓர் அம்மா, ஐந்து பிள்ளைகள், அவ்வளவுதான்.

பிள்ளைகளில் மூத்தவள்தான் உருவத்தில் சின்னவள். மற்றதெல்லாம் கொழுகொழுவென்று இருக்க, இவள் மட்டும் பாதி. ஆனால் வேலை? விடிந்ததிலிருந்து பூவுக்கும் வீட்டுக்குமாக அலைவது இவள்தான்.

"அக்கா, பசிக்குது!"

"அக்கா, எனக்கு இன்னும் வரல!"

"இருங்கடா, எனக்கென்ன பத்துச் சிறகா இருக்கு?" என்பாள். கொண்டுவந்ததைப் பிட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் தனக்கு மிஞ்சியிருக்காது. வெறும் வயிற்றோடு மறுபடி கிளம்புவாள். சிறகு நுனியெல்லாம் கிழிந்துபோயிருந்தது.

எதிரே இன்னொரு குச்சி புதிதாக முறிந்து காலியாகக் கிடந்தது. மூத்தவளுக்கு அதன்மேல் ஒரு கண். தனக்கென்று ஒரு வீடு, தன் வயிற்றுப் பிள்ளைகள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் வாசலில் வந்து விழுந்தவள், "நான் மட்டும் ஏன் இப்படிச் சோனியாப் போனேன்?" என்று முனகினாள்.

குச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? "முட்டையில என்ன குறை? முட்டையில இருந்து வந்ததும் நீ தின்னு வளர உங்கம்மா வச்ச மகரந்த உருண்டைதான் சின்னது. மத்தவங்களுக்கு முழுசு, உனக்குப் பாதி. என் வயித்துக்குள்ள நடந்தது எனக்குத் தெரியாதா?"

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே உள்ளே போனாள். "நிஜமாம்மா?"

அம்மா மறுக்கவில்லை. மறுக்கக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. "நிஜம்தான்டி. தெரிஞ்சேதான் வச்சேன். நீயும் பெருசா வளர்ந்திருந்தா பறந்து போயிருப்பே. ஒண்டியா நான் எத்தனை வாய்க்குப் போடுவேன்? மூத்ததுதானே, சமாளிச்சுக்கும்னு நினைச்சேன்."

பிறகு அவளே, "எனக்கும் ஒரு அக்கா இருந்தா. எங்களுக்குத் தீனி தேடிப் போனவ, ஒரு நாள் திரும்பி வரல. நாங்க தேடக்கூட இல்ல," என்றாள்.

மூத்தவளுக்கு அழுகை வந்தது. "என் பிள்ளைக்கு நான் இப்படிச் செய்ய மாட்டேன். முழு உருண்டை வைப்பேன், பார்த்துக்கிட்டே இரு!" என்று கத்திவிட்டு எதிர்க் குச்சிக்குப் பறந்தாள். "அக்கா, பசிக்குது" என்று பின்னால் குரல் கேட்டது. அவள் திரும்பவில்லை.

இரண்டு நாள் கடித்துக் கடித்து வீட்டைக் குடைந்தாள். மூன்றாம் நாள் மகரந்தம் சேர்க்கக் கிளம்பினாள். பாதி உடம்பு, ஒரு நடைக்கு எவ்வளவுதான் தூக்குவாள்? கிழிந்த சிறகு வேறு காற்றில் ஒரு பக்கமாக இழுத்தது. முழு உடம்புக்காரி ஐந்து நடையில் முடிக்கிற வேலைக்கு இவளுக்குப் பத்து நடை வேண்டியிருந்தது. முட்டையோ இன்றைக்கே இட்டாக வேண்டும் என்று வயிற்றை முட்டியது.

பொழுது சாய்ந்தது. உருண்டை பாதிதான் ஆகியிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாசலுக்குப் போய்ப் பூக்களைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு நடை என்று சிறகை விரித்தாள்; அது விரியவில்லை.

உள்ளே வந்து, அந்த உருண்டையின் மேலேயே முட்டையை இட்டாள். மரத்தூளைக் குழைத்துச் சுவர் வைக்க ஆரம்பித்தாள்.

புதுக் குச்சி மெல்லக் கேட்டது. "அன்னைக்கு அங்க நீ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சே. முழு உருண்டைன்னியேம்மா?"

மூத்தவள் சுவரை அடைத்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

"மூத்ததுதானே. சமாளிச்சுக்கும்."