கரிப் படலத்தின் ஆரஞ்சு வெளிச்சம்

முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆய்வுக்கூடம். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்களை நானோகுழாய் என்பார்கள். அவற்றைக் கொண்டு ஜெபசிங் என்ற ஆய்வு மாணவன் ஒரு படலம் செய்தான். செய்ததெல்லாம் கிழிந்து கிழிந்து, தேறியது அது ஒன்றுதான். அவனோடு ஆய்வு செய்யும் இசக்கியம்மாள் அதைக் காற்றில்லாத குடுவைக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சினாள். படலம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

ஒளிர்ந்தது சரி, எதனால்? மின்னடுப்புக் கம்பி மாதிரி வெறும் சூட்டினாலா? இல்லை, எல்.இ.டி. விளக்கு மாதிரி மின்சாரமே நேராக ஒளியானதா? எல்.இ.டி. மாதிரி என்றால் இசக்கிக்கு முனைவர் பட்டம் கையில். வெறும் சூடு என்றால் இத்தனை வருட உழைப்பும் அம்போ. கண்டுபிடிக்க வழி உண்டு: சூட்டு வெளிச்சம் என்றால் மின்சாரத்தின் அளவு மாற மாற நிறமும் மாறும்; மற்றது அப்படி மாறாது. இவர்களோ படலம் அறுந்துவிடுமோ என்று பயந்து, எப்போதும் ஒரே அளவில்தான் பாய்ச்சினார்கள். நிறத்தை அளக்கும் கருவி ரிப்பேருக்குப் போனது போனதுதான்!

"அதான் எரியுதுல்ல? எல்.இ.டி. மாதிரின்னு கட்டுரை எழுதி அனுப்பும்மா. படலத்தைச் சீண்டாதே" என்றார் பேராசிரியர் திருமலைநம்பி.

"இன்னொண்ணு செஞ்சு தர்றேன், அதுவரைக்கும் பொறு. என் ஆய்வும் இதை நம்பித்தான் இருக்கு" என்றான் ஜெபசிங்.

இசக்கிக்குப் பொறுக்கவில்லை. அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து மின்சாரத்தை ஏற்றினாள். ஆரஞ்சு மஞ்சளானது, மஞ்சள் வெளுத்தது, பட்டென்று படலம் அறுந்தது.

அழுதுகொண்டே கட்டுரையில் "வெறும் சூடு" என்று எழுதினாள். பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். ஜெபசிங் திரும்பி வந்து, "தொடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அனுப்பச் சொன்னவர், பொறுக்கச் சொன்னவன், ஏற்றிப் பார்த்தவள். இவர்களில் யார் பக்கம் நியாயம்?

விடை: பேராசிரியரை விட்டுத்தள்ளுங்கள், தெரியாததைத் தெரிந்ததாக எழுதச் சொன்னவர் அவர். சோதித்துப் பார்க்க நினைத்த இசக்கி பக்கமே நியாயம். ஆனால் மின்சாரத்தை ஏற்றுவானேன்? இறக்கியிருந்தாலே ஆரஞ்சு மங்கிச் சிவந்திருக்கும், விடையும் தெரிந்திருக்கும், படலமும் பிழைத்திருக்கும். ஐயோ, மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! படலத்துக்குச் சொந்தக்காரனைக் கேட்டிருந்தால், பேசும்போதாவது யாருக்காவது தோன்றியிருக்கும். இசக்கி சோதித்தது சரி, கேட்காமல் சோதித்தது தப்பு. ஜெபசிங் அவளோடு இன்னும் பேசவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.