வைரக்கண்ணு கொடுத்த டோக்கன்

வைரக்கண்ணு வாயைத் திறந்தால் பொழுது சாயாமல் மூடமாட்டார். இது கோடிவயல் உப்பளம் முழுக்கத் தெரிஞ்ச சங்கதி. அன்றைக்கு அவர் எதன்மேல் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்தார் என்பதுதான் பூரணத்துக்குத் தலைவலியாகப் போச்சு. மடித்து வைத்திருந்த அவளுடைய தார்ப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டார் மனுசன்.

கார்த்திகை மாசம். எல்லாரும் உப்பை மூடியாச்சு. பூரணத்தின் உப்பு அம்பாரம் ஒன்றுதான் வெள்ளை வெளேரென்று திறந்து கிடந்தது. நாளைக்கு லாரி வரும். அதுவரைக்கும் ஒரு மழை பெய்யாமல் இருக்கணும், பெய்தால் ஆறுமாசப் பாடு கரைஞ்சு வாய்க்காலில் போகும்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழையா? என்னைக் கேக்காமயா?" வைரக்கண்ணு இடது முட்டியைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை ஒரு புயல், திங்கக்கிழமை ஒண்ணு, அடுத்த வியாழன் ஒண்ணு. வரிசையா மூணு. இன்னைக்கு ஒரு பொட்டு விழாது."

"முட்டி சொல்லுதாக்கும்?" என்றான் மூட்டை தூக்கும் ஆளவந்தான். பூரணத்துக்கு அவனை அறையலாம் போலிருந்தது. சந்தேகம் கேட்டால் அவர் கதை இன்னும் நீளும். பாதிக் கதையில் அவர் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"ஏன்டா, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறாங்களே, யாரைக் கேட்டு ஏத்துறாங்க? போன வருசம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், போன் வருது. எட்டா பத்தான்னு கேக்குறான். பத்தே ஏத்து, ஆனா நான் மோர் ஊத்திக்கிற வரைக்கும் காத்தை நிறுத்தி வைன்னேன். நின்னுச்சு."

"அண்ணே, தார்ப்பாய்..."

"இரு தங்கச்சி, இனிமேதான் முக்கியமான இடம். அந்தப் புயல்ல என் தூக்குச்சட்டி பறந்து போச்சு. எங்க? யாழ்ப்பாணத்துக்கு. நான் பதறலியே! அஞ்சாம் நாள் அடுத்த புயல்னு எனக்குத்தான் தெரியுமே. சொன்ன மாதிரியே வந்துச்சு, சட்டியை வாசல்ல வச்சிட்டுப் போச்சு. திறந்து பாத்தா மீன் குழம்பு."

"சூடா இருந்துச்சா?"

"அஞ்சு நாளாச்சு, எப்படிடா சூடா இருக்கும்? நம்புற மாதிரி கேளு."

அவர் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முதுகுக்குப் பின்னால் வானம் கருத்துக்கொண்டே வந்ததைப் பூரணம் பார்த்தாள். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இந்த மூணுக்கும் நான் டோக்கன் கொடுத்துட்டேன்," என்றார் வைரக்கண்ணு. "ரேஷன் கடை மாதிரி. முட்டி மோதிக்கிட்டு வராதீங்க, தேதி பாத்து வாங்கன்னு. மூணாவதுதான் கொஞ்சம் முனகிச்சு. அதட்டினேன், அடங்கிருச்சு."

பூரணம் இடுப்புச் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டாள். இந்த ஆளிடம் உண்மையைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நீங்க சொல்றது அத்தனையும் நிசம்ண்ணே. அந்த மூணாவது புயல் காலையில எங்க வீட்டுக்கு வந்துச்சு. டோக்கன்ல தேதி அழிஞ்சு போச்சாம். வைரக்கண்ணு அண்ணன் எங்கன்னு கேட்டுச்சு. ஒரு சொம்பு தண்ணி கொடுத்து, அளத்துல இருப்பாருன்னு சொல்லி அனுப்பினேன். அந்தா, உங்க முதுகுக்குப் பின்னால வந்து நிக்குது பாருங்க."

வைரக்கண்ணு திரும்பினார். கடலுக்குமேல் கன்னங்கரேலென்று நின்றது. "ஆத்தாடி!" என்று துள்ளி எழுந்தார்.

அவ்வளவுதான். பூரணம் தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடினாள். ஆளவந்தான் ஒரு முனையைப் பிடித்தான். பதட்டத்தில் வைரக்கண்ணுவே மறுமுனையைப் பிடித்து மண் மூட்டை தூக்கி வைத்தார். கடைசி மூட்டை வைக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

கொட்டகைக்குள் மூவரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். பூரணத்துக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

வைரக்கண்ணு தலையைத் துவட்டிக்கொண்டே செருமினார். "இது நம்ம கணக்குல வராத மழை. டோக்கன் வாங்காம வந்துருச்சு."

"அது என்ன செய்யும் பாவம்," என்றாள் பூரணம், சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி. "டோக்கன் கொடுக்குற ஆளு என் தார்ப்பாயில உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னா?"