சக்கரவர்த்தி கடை போர்டு

சங்கரன்கோவிலில் பழைய ஆட்களைக் கேட்டால், சீனித்தாய் போர்டு கழுவ வைத்த கதையை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பள்ளிக்கூடச் சுவரில் பாசி மட்டும் போக வேண்டும். பெயிண்டில் எழுதிய பழைய பெயர்கள் அழியக்கூடாது. அந்த வேலைக்குத் தூக்கிப்போகிற மாதிரி, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுகிற ஒரு பிரஷர் வாஷர் வாங்க வந்திருந்தார் கான்ட்ராக்டர் வேலாண்டி. 'சக்கரவர்த்தி மிஷினரீஸ்' கடைக்காரர் சுடலைராஜ் இருப்பதிலேயே பெரிய மிஷினைத் தட்டிக் காட்டினார்.

வேலாண்டியிடம் சுவர் கழுவுகிற வேலை பார்க்கும் சீனித்தாயும் கூட வந்திருந்தாள்; அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "இது பெயிண்டையும் உரிச்சிரும் அண்ணாச்சி. அந்தச் சின்னதே போதும்," என்றாள்.

"மிஷினைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாறியா? அழுக்கு மட்டும்தான் போகும். இல்லைன்னு இப்பவே நிரூபிச்சுக் காட்டு. முடியலைன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது. என்ன கான்ட்ராக்டர்?"

வேலாண்டி தலையாட்டிவிட்டார்.

"அப்போ உங்க கடை போர்டையே கழுவிப் பார்ப்போமே. தூசியா இருக்கு," என்றாள் சீனித்தாய்.

வாயை விட்டாயிற்று, பின்வாங்க முடியாது. சுடலைராஜே குழாயைப் பிடித்துப் பீய்ச்சினார். 'சக்கரவர்த்தி மிஷினரீஸ்' தோல்தோலாக உரிந்து விழுந்தது. அடியில் அவர் அப்பா கைப்பட எழுதியது தெரிந்தது: 'மாயாண்டி வாடகை சைக்கிள். மணிக்கு நாலணா.'

தெருவே கூடிவிட்டது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அந்த சைக்கிளில் ஓட்டப் பழகாத ஆள் அங்கே யாருமில்லை. விழுந்த பிள்ளைகளுக்கு மாயாண்டி மஞ்சள் வைத்துவிட்டதை ஒருவர் சொன்னார். சுடலைராஜ் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

சின்ன மிஷினைத் தூக்கிக்கொண்டு சீனித்தாய் சொன்னாள்: "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. அழுக்கு மட்டும்தான் போயிருக்கு."