அரிசி டப்பாவில் மாத்திரை

தோல் மருத்துவர் ஹெலனிடம் மேல்படிப்புக்கு வந்திருந்தான் முகிலன். கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் கொஞ்சம் சிக்கல்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் குழம்பிப்போய் வந்தான்.

“மேடம், மாரிசெல்வின்னு ஒரு அம்மா. பொண்ணுக்குத் தலையில பூஞ்சைப் படை. களிம்பு முடியோட வேருக்குள்ள போகாதுன்னு மாத்திரைதான் எழுதினேன். சாப்பிட்டதும் பாலோட, ஒரு நாள் விடாம குடுக்கணும்னு சொல்லித்தான் அனுப்பினேன். இப்போ முன்னைவிடப் பரவியிருக்கு. இன்னும் விட்டா அந்த இடத்துல முடியே முளைக்காமப் போயிடும். மருந்தை மாத்தலாமா?”

ஹெலன் தாயையும் மகளையும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்தினார். குழந்தையின் தலைத்துணியைத் தானே அவிழ்த்துப் பார்த்தார்.

“மாத்திரையை எங்கம்மா வெச்சிருக்கீங்க?”

“அரிசி டப்பாக்குள்ள.” மாரிசெல்வி தரையைப் பார்த்தாள். “வீட்டுல யாரும் இல்லாத அன்னிக்கு எடுத்துக் குடுப்பேன்.”

“ஏன் ஒளிக்கணும்?” என்றான் முகிலன். “நோய்தானே?”

அவள் ஹெலனிடம்தான் சொன்னாள்.

“புள்ளையக் குளிப்பாட்டவே மாட்டியான்னு முதல்ல வந்த அன்னிக்கு இந்த சார் வரிசைக்கு முன்னால கேட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா நின்னுட்டிருந்தாங்க. தெருவுல இப்ப யாரும் இவளை வீட்டுக்குள்ள விடுறதில்ல. மாத்திரையப் பார்த்தா மாமியாரும் அதையேதான் சொல்வாங்க. நான் தினமும் குளிப்பாட்டுறேன் மேடம்.”

முகிலனுக்குக் காது சுட்டது. தான் அப்படிக் கேட்டது நினைவிருந்தது. அதற்கு யாரோ சிரித்ததும், அந்தச் சிரிப்பு தனக்குப் பிடித்திருந்ததும் நினைவுக்கு வந்தன. அவமானமாக இருந்தது.

“அந்த அக்கா இன்னிக்கு வந்திருக்காங்களா?” என்றார் ஹெலன்.

“வெளியே வரிசையிலதான் இருக்காங்க.”

“இவர் போய் ஒரு வார்த்தை சொல்லலாமாம்மா?”

மாரிசெல்வி யோசித்து, சரியென்று தலையசைத்தாள்.

“எந்த மருந்து எழுதட்டும் மேடம்?” முகிலனின் குரல் இறங்கியிருந்தது.

“அதே மருந்துதான்.” ஹெலன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். “இது அழுக்கால வர்றதில்ல, யார் சீப்புல இருந்தும் எந்தப் புள்ளைக்கும் ஒட்டும், இந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிட்டு வா. அப்புறம் எழுதலாம்.”

முகிலன் போய் வரிசைக்கு முன்னால் நின்றான். சொன்னான்.

“கேக்கல முகிலன்,” என்றார் ஹெலன், உள்ளேயிருந்து. “அன்னிக்கு எல்லாருக்கும் கேட்டுச்சே.”